மாமாவின் மெட்ராஸ் ஐயும் மண்டப வாசல் போர்டும்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களை எந்தக் காரணத்தைக் கொண்டும் கல்யாண வேலையில் சேர்க்கக் கூடாது. பந்தியில் உட்கார வைக்கலாம், ஃபோட்டோவுக்கு நிற்க வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இதை வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் நானே அந்த வேலை பார்ப்பவள், நானே என் தங்கை கல்யாணத்தில் புகுந்து விளையாடியவள். அதனால் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். (சின்ன என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் லிஃப்டில் ஏறினால் ஆபீஸ் காலி.) அங்கே அந்த வருஷம் ஒரு புரட்சி நடந்தது. நடத்தியது நான்தான்.

விஷயம் இதுதான். ஒரே மென்பொருளைப் பல பேர் சேர்ந்து எழுதும்போது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள இன்னொரு மென்பொருள் உண்டு. வெர்ஷன் கன்ட்ரோல் என்போம். எங்கள் ஆபீஸில் இருந்தது பழைய மாதிரி. எல்லாம் ஒரே சர்வரில் இருக்கும். ஒரு ஃபைலில் கை வைக்க வேண்டுமென்றால் அந்த சர்வரிடம் கேட்டு எடுக்க வேண்டும். எடுத்தவர் பெயரில் அது பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும் வரை மற்றவர்கள் தேவுடு காக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போனாலும் காக்க வேண்டும், பழனிக்குப் போனாலும் காக்க வேண்டும். சர்வர் படுத்தால் கம்பெனியே படுத்துக்கொள்ளும்.

நான் கொண்டுவந்தது புது மாதிரி. அதில் தலைமைச் செயலகமே கிடையாது. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழுக் காப்பி இருக்கும். அவரவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அதற்கு மெர்ஜ் என்று பெயர். ஆளுக்கொரு வரியை மாற்றியிருந்தால் அது தானாகவே சேர்த்துக்கொள்ளும். இரண்டு பேர் ஒரே வரியில் கை வைத்திருந்தால் மட்டும், "எது வேண்டும், நீயே சொல் தாயே" என்று இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு வரிசை அம்புக்குறி, நடுவில் ஒரு வரிசை சமக்குறி, கீழே இன்னொரு வரிசை அம்புக்குறி வைத்து நிறுத்திவிடும். யாராவது ஒரு மனுஷர் உட்கார்ந்து வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டாததையும் அந்த அம்புகளையும் அழிக்க வேண்டும். இந்த அம்புகளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் இந்தப் புது மாதிரி நன்றாகவே ஓடியது. அதுதான் வினை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதுதான் உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் காரணம் என்று பால்காரரிடம்கூடப் பேச ஆரம்பித்தேன். வீட்டில் என் பேச்சைக் கேட்க மாட்டிக்கொண்டவர் என் கணவர் பாஸ்கர். அவருக்கு ஆவடியில் அரசாங்க வேலை, அங்கே இன்னும் பழைய மாதிரி ஒரே சர்வர். அயனம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் பால்கனியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். ஏரியைப் பார்த்தபடி நிம்மதியாகக் காபி குடிக்கலாம் என்றுதான் அவர் அந்த வீட்டை வாங்கினார், பாவம்.

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தா, அந்த எடம் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்பேன்.

"எல்லார்கிட்டயும் ஒண்ணொண்ணு இருந்தா, எது நெஜம்னு யாரு சொல்றது?" என்பார்.

"எல்லாமே நெஜம்தாங்க. அதான் விஷயமே."

"அப்ப எதுவுமே நெஜம் இல்ல. காபி ஆறுது, குடி."

இந்த நிலைமையில்தான் என் தங்கை பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சர்வர் உண்டு. பெயர் குணசேகரன், அம்மாவின் தம்பி, எங்களுக்குக் குணா மாமா. திருமுல்லைவாயிலில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். வயலெல்லாம் வீட்டு மனையாகிவிட்டது, மாமா இப்போது சாமியானா, சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறார். காது குத்தலோ கருமாதியோ, எங்கள் சொந்தத்தில் எது நடந்தாலும் மாமாவைக் கேட்காமல் ஒரு வாழை மரம் நடமாட்டார்கள். அப்பா இந்த விஷயத்தில் வாயைத் திறந்து சொல்லும் ஒரே வசனம், "குணாவைக் கேளுங்க."

கேட்டால் மாமா, "அத்த நான் பாத்துக்கறேன்" என்பார். அவ்வளவுதான், அந்த விஷயம் பூட்டிக்கொண்டது. அப்புறம் அதில் யாரும் கை வைக்க முடியாது. சமையல்காரர் யார், பூ யாரிடம், வேன் எத்தனை மணிக்கு, எல்லாம் மாமாவின் தலையிலும் மாமாவின் போனிலும் மட்டும்தான் இருக்கும். அந்தப் போனில் பெயர்கள் பதிந்திருக்கும் அழகே தனி. 'பூ ரெண்டு', 'பழைய சமையல் வாணாம்', 'வேன் கோவக்காரன்', 'வேன் அவன் மச்சான்'. மாமாவைத் தவிர யாராலும் அதை வைத்து ஒரு முழம் பூ வாங்க முடியாது.

மாப்பிள்ளை பிரவீன் என்னைப் போலவே ஐ.டி. அவருடைய அப்பா நடராசன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் விருத்தாசலம், வேப்பம்பட்டில் வீடு கட்டிக் குடியிருந்தார். தங்கமான மனிதர்தான். ஆனால் அவருக்கும் மாமாவுக்கும் ஒரு வரி இடித்தது.

எங்கள் பக்கம் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். ரிசப்ஷன் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, முகூர்த்தம் பெண் வீட்டுச் செலவு. மண்டபம் ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ரோட்டில் இருந்தது. அதன் வாசலில் எழுத்து ஓடும் பெரிய டிஜிட்டல் போர்டு. மணமக்கள் பெயர் எல்லாம் சரி. கடைசியில் 'தங்களை அன்புடன் வரவேற்பது' என்று ஒரு வரி வருமே, அதில் யார் பெயர் என்பதுதான் கேள்வி.

"சம்பந்தி, ரிசப்ஷன் பிள்ளை வீட்டு விசேஷம். வரவேற்கறது நாங்கதானே முறை?" என்றார் நடராசன்.

"மொறை கரீட்டுதான் சம்பந்தி. ஆனா மண்டபம் எங்க ஏரியாவுல கீது. ஏரியாவுக்கு வர்றவங்கள ஏரியாக்காரன்தானே வாங்கன்னு சொல்லணும்?" என்றார் மாமா.

இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட உரத்துப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் மாமா எங்களிடம், "போர்டுதானே? அத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பூட்டிவிட்டார்.

பூட்டிய கையோடு அவருக்கு மெட்ராஸ் ஐ வந்தது. இரண்டு கண்ணும் தக்காளி. அத்தை அவரை மாடி அறையில் தள்ளி, போனைப் பிடுங்கிக் கீழே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும், "அவருக்குக் கண்ணு செவந்துகீது, அப்பறமா பேசுங்க" என்று ஒரே பதில். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. மேளக்காரருக்கு எந்த மண்டபம் என்று தெரியவில்லை. சமையல்காரருக்கு எத்தனை பந்தி என்று தெரியவில்லை. அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா வழக்கம்போல், "குணாவைக் கேளுங்க" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சர்வர் படுத்துவிட்டது. நான் இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்னது கண்ணெதிரே நடக்கிறது. அன்று மாலையே கல்யாணத்தை நான்கு ஃபைல்களாக எழுதினேன். யார் என்ன செய்வது, சாப்பாடு, நிகழ்ச்சி வரிசை, போர்டு. அதை ஆபீஸில் செய்தது போலவே வெர்ஷன் கன்ட்ரோலில் போட்டேன். எனக்கு ஒரு முழுக் காப்பி, பிரியாவுக்கு ஒன்று, பிரவீனுக்கு ஒன்று, வேண்டாம் என்று சொன்ன பாஸ்கருக்கும் ஒன்று. "அவங்கவங்க பக்கத்து வேலையை அவங்கவங்களே மாத்திக்கோங்க, நடத்திக்கோங்க. அப்பப்ப எனக்கு அனுப்புங்க, நான் மெர்ஜ் பண்ணிடறேன்" என்றேன்.

பிரவீனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சூப்பர் அக்கா, உலகத்துலயே முதல் தடவையா இருக்கும்!" என்றார். (முதல் தடவையாகத்தான் இருந்திருக்கும். இரண்டாம் தடவை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.)

மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று திருமுல்லைவாயில் போனேன். மூடிய கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன்.

"இன்னாது, ஆளாளுக்கு ஒரு காப்பியா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாணாம் கவி. கல்யாணம் ஒண்ணுதானே? அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி காப்பி?"

"மாமா, உங்களுக்குக் கண்ணு வலி வந்ததும் எல்லாமே நின்னுபோச்சு பாத்தீங்களா? அதுக்குத்தான்."

"கண்ணு நாலு நாள்ல செரியாய்டும்மா. நீ பண்றது செரியாவுமா?"

வயதானவர், வலியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த சில நாட்கள் ஆனந்தம். யாரும் யாரையும் கேட்கவில்லை. வேலை பறந்தது. பிரியா அவள் காப்பியைப் பார்த்து நாதஸ்வரம் சொன்னாள். பிரவீன் அவர் காப்பியைப் பார்த்து பேண்டு செட் சொன்னார். எல்லோரும் மாற்றினார்கள், யாரும் எனக்கு அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பிளவுஸ் தைக்கிற இடத்தில் வேறு ஒரு யுத்தம். மெர்ஜ்தானே, மண்டபத்தில் உட்கார்ந்து பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ரிசப்ஷன் அன்று மாலை மணமகள் அறையில் ஒரு பக்கம் பிரியாவுக்கு அலங்காரம், மறுபக்கம் எனக்கு. பார்லர் அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுக்க, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் எல்லோருடைய காப்பியையும் சேர்த்தேன். யார் என்ன செய்வது என்ற ஃபைல் சத்தமே போடாமல் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டில் ஒரே ஒரு மோதல், ரவா கிச்சடியா இடியாப்பமா என்று. இடியாப்பம் என்று முடித்தேன். எவ்வளவு ஒற்றுமையான குடும்பம் என்று எனக்குக் கண் கலங்கியது.

"மேடம், கண்ணு கலங்கக் கூடாது, மை கரையும். மூடுங்க" என்றாள் பார்லர் அம்மா. மூடினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. போர்டு ஆப்பரேட்டர் தாஸ் அண்ணன்.

"மேடம், டைமாய்கினே கீது. போர்டுல இன்னா போடணும்னு அனுப்புங்க, ஆன் பண்ணணும்."

கதவருகே பாஸ்கர் நின்றிருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னேன். "ஏங்க, லேப்டாப்ல போர்டுன்னு ஒரு ஃபைல் இருக்கு, அத அப்படியே தாஸ் அண்ணனுக்கு அனுப்பிடுங்க."

என் மடியிலிருந்து லேப்டாப் போனது. "கவி, இதுல அம்பெல்லாம் போட்டிருக்கே?"

என் ஆயுளில் நான் மிகவும் வருத்தப்படும் வாக்கியத்தை அப்போதுதான் சொன்னேன். "அதெல்லாம் அப்படித்தாங்க இருக்கும். உங்களுக்கு இது புரியாது, அனுப்புங்க."

பாஸ்கர் அரசாங்க ஊழியர். மேலிடம் சொன்னால் அனுப்பிவிடுவார்.

போர்டு ஃபைலில் ஒரு மோதல் இருந்ததை, கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஓரமாக ஒதுக்கி வைத்ததை, கண்ணில் மை காயும் வரை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எந்த வரியில் மோதல் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். அதில் பிரவீன் அவருடைய அப்பா சொன்னதையும், பிரியா எங்கள் அம்மா சொன்னதையும் எழுதியிருந்தார்கள்.

ஜிகுஜிகுவென்று நான் கீழே இறங்கி வந்தபோது முதலில் காதில் விழுந்தது சத்தம். வாசலின் ஒரு பக்கம் நாதஸ்வரம், மறுபக்கம் பேண்டு செட். இரண்டு கோஷ்டியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு வெவ்வேறு பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் பன்னீர்ச் சொம்பு, சந்தனம், கல்கண்டு வைத்து ஒரு வரவேற்பு மேஜை. அதில் நடராசனின் தங்கை. வலது பக்கம் அதே மாதிரி இன்னொரு மேஜை. அதில் எங்கள் அத்தை. நடுவில், தலைக்கு மேலே, ஆள் உயர எழுத்தில் போர்டு:

<<<<<<<
தங்களை அன்புடன் வரவேற்பது
விருத்தாசலம் ச. நடராசன் குடும்பத்தார்
=======
தங்களை அன்புடன் வரவேற்பது
திருமுல்லைவாயில் பொ. குணசேகரன் குடும்பத்தார்
>>>>>>>

அம்புகள் வேறு மின்னி மின்னி அணைந்தன. தாஸ் அண்ணன் விசேஷ எஃபெக்ட் கொடுத்திருந்தார்.

வந்தவர்கள் என்ன செய்வார்கள்? வாசலிலேயே இரண்டு வீட்டாரும் தனித்தனியாக வரவேற்கும்போது, அவரவர் சொந்தக்கார மேஜைக்குத்தானே போவார்கள்? நடராசனின் தங்கை நல்ல மனசுக்காரி. "மொதல்ல சாப்பிட்டுடுங்க, டிரெயினப் புடிக்கணும்ல" என்று வேப்பம்பட்டு ஆட்கள் எல்லோரையும் இடது பக்கம் இருந்த டைனிங் ஹாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் அத்தை அந்த மண்டபத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. போர்டில் அம்பு வலது பக்கம் காட்டியதால் அவளும் வலது பக்கம் காட்டினாள். அங்கே இருந்தது மினி ஹால். அதில் யாரோ ஒரு குழந்தைக்கு முதல் பிறந்த நாள்.

மெயின் ஹாலில் எட்டிப் பார்த்தேன். மேடையில் பிரியாவும் பிரவீனும். கீழே வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலி. ஃபோட்டோகிராஃபர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரியா என்னைப் பார்த்து உதடு அசையாமல் பேசினாள். (மேடையில் நிற்கும் பெண்களுக்கு மட்டும் வரும் கலை அது.) "அக்கா, மாலை எங்க?"

"நீங்கதானே..." என்று பிரவீனைப் பார்த்தேன்.

"பொண்ணு வீட்டுல கொண்டுவருவாங்கன்னு அந்த வரிய அழிச்சிட்டேன் அக்கா."

"ரிசப்ஷன் அவங்களோடது, அவங்க கொண்டுவருவாங்கன்னு நானும் அழிச்சிட்டேன்" என்றாள் பிரியா.

இரண்டு பேரும் ஒரே வரியை அழித்திருந்தால் மென்பொருளுக்கு அதில் மோதலே கிடையாது. ரொம்ப சந்தோஷம் என்று அதுவும் அழித்துவிடும். நான் கண் கலங்கியது இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான். பாஸ்கர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு மாலைக்குக் கிளம்பினார். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் ஆவடியின் மொத்த சர்வரும் இருந்தது.

அதற்குள் ஒரு மனிதர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பிறந்த நாள் குழந்தையின் அப்பா. "மேடம், நீங்கதானே பொண்ணோட அக்கா? உங்க ஆளுங்க எங்க கேக்கையே முடிச்சிட்டாங்க மேடம். கொழந்த இன்னும் வாயில வெக்கல."

அவருக்குப் பின்னாலேயே நடராசன் வந்தார். முகம் சிவந்திருந்தது. அப்போதும் அவர் உரத்துப் பேசவில்லை.

"போர்டு யாரும்மா எழுதினது?"

"நான்தான். அது வந்து, ரெண்டு காப்பி..."

"எங்க பேருக்கு மேல அம்பு குத்தி, கீழ ரெண்டு கோடு வரிசை போட்டுப் பிரிச்சு வெச்சிருக்கு. என் சொந்தக்காரங்க அத ஃபோட்டோ எடுத்து விருத்தாசலத்துக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு குடும்பமும் சண்டையான்னு அங்கேர்ந்து போன் வருது. விடிஞ்சா முகூர்த்தம். இத ஒழுங்கு பண்ணலேன்னா, நாங்க இப்படியே வீட்டுக்குக் கிளம்பறோம். அப்பறம் பேசிக்கலாம்."

'அப்பறம் பேசிக்கலாம்' என்று கிளம்பியவர்கள் திரும்பி வராத கல்யாணங்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். மேடையில் பிரியா அங்கிருந்தே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. என் தங்கை கல்யாணத்தை என் திமிரால் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. மை கரைந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த தாஸ் அண்ணன் அறைக்கு ஓடினேன். நடராசனும் பின்னாலேயே வந்தார். உள்ளே போய்த் திரும்பினால் வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு குணா மாமா. யாரோ தகவல் சொல்லி, அத்தை இல்லாத நேரம் பார்த்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"என் பேரு போர்டுல ஓடுதாமே? எனக்கு ஒண்ணும் தெர்ல. யாராச்சும் படிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

தாஸ் அண்ணன் அம்பு, சமக்குறி எதையும் விடாமல் படித்துக் காட்டினார். திரையில் அந்த இரண்டு வரிகள். பக்கத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. ஒன்றை அழிக்க வேண்டும். ஆபீஸில் இதை நான் காபி குடித்துக்கொண்டே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். இப்போது விரல் நகரவில்லை. அழிக்க வேண்டிய வரிக்குச் சொந்தக்காரர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும்தான்.

"எத எடுக்கட்டும்?" என்றேன்.

"பரவால்லம்மா, அவங்க பேரே இருக்கட்டும்" என்றார் நடராசன். அப்படி இருந்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன் என்கிற குரலில்.

"சேச்சே, சம்பந்தி பேரே இருக்கட்டும். நாம இன்னா, உள்ளூருதானே" என்றார் மாமாவும், அதே குரலில்.

வேறு வழி தெரியாமல் பிரியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நீயே சொல்லு பிரியா. எத அழிக்கட்டும்?"

"ரெண்டையும் அழி" என்றாள்.

"ரெண்டையுமா?"

"ஆமா. என் பேரு, அவர் பேரு, கீழ 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான். வர்றவங்கள நாங்க வரவேத்துக்கறோம். எங்க கல்யாணம்தானே அக்கா இது? எங்கள யாராச்சும் கேட்டீங்களா?"

பக்கத்திலிருந்து பிரவீனின் குரல் மெதுவாக, "ஆமாம்ப்பா, அதுதான் நல்லாருக்கும்" என்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும். மேல் அம்பிலிருந்து கீழ் அம்பு வரை எல்லாவற்றையும் அழித்தேன். 'பிரியா, பிரவீன்' என்று அடித்து, அதற்குக் கீழே 'வாங்க' என்று அடித்தேன். தாஸ் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பதான் மேடம் படிக்கிற மாதிரி கீது" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக குணாவைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். நாதஸ்வரக்காரரையும் பேண்டு செட்டையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லி, மினி ஹாலுக்கும் டைனிங் ஹாலுக்கும் போய் ஜனங்களை ஊர்வலமாகக் கூட்டிவந்தார். பிறந்த நாள் குழந்தையும் அதன் சொந்தக்காரர்களும் ஊர்வலத்தோடு கலந்து வந்து எங்கள் விருந்தில் சாப்பிட்டார்கள். கேக்குக்கு அது சரியாகப்போனது. பாஸ்கர் திரும்பி வந்தபோது ஸ்கூட்டரில் அவர் முகம் தெரியவில்லை. பூக்கடையில் கட்டி முடித்த மாலையாக இருந்தது, கட்சிக் கூட்டத்துக்கு வைத்திருந்தது மட்டும்தானாம். அந்த ரிசப்ஷன் ஃபோட்டோக்களில் இன்றைக்கும் நீங்கள் பார்க்கலாம், இரண்டு பூ மூட்டை, மேலே இரண்டு தலை.

நடராசன் கிளம்பவில்லை. கடைசி வரிசையில், மெட்ராஸ் ஐக்குப் பயந்து நடுவில் இரண்டு நாற்காலி இடம் விட்டு, மாமாவோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் பெயரும் போய்விட்ட துக்கம் இரண்டு பேருக்கும் சமம். யார் மேல் கோபம் என்பதிலும் இருவருக்கும் ஒரே கருத்து. நான் டிபன் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது காதில் விழுந்தது.

"இவ்ளோ படிச்ச பொண்ணு, ஒரு போர்டு எழுதத் தெரியல பாருங்க" என்றார் நடராசன்.

"அத்த ஏன் கேக்குறீங்க. நான் அந்த தாஸாண்ட சொல்லி வெக்கலாம்னு இருந்தேன் சம்பந்தி. போர்டு ரிப்பேருன்னு சொல்லு, கரண்டே குடுக்காதேன்னு. உங்க பேரும் இல்ல, எங்க பேரும் இல்ல, முடிஞ்சுது மேட்டரு. அதுக்குள்ளாற இந்தக் கண்ணு வந்து தொலைச்சுது. இந்தக் கவியும் பூந்து காப்பி போட்டுச்சு."

நடராசன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பில் நடுவில் இருந்த நாற்காலிகள் காலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. பக்கத்தில் வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. அதற்கடுத்த வாரம் சம்பந்திக்கு மெட்ராஸ் ஐ.

கல்யாண வீடியோ அந்த அம்பு போர்டோடுதான் தொடங்குகிறது. வீடியோக்காரர் அதை ஏதோ புது டிசைன் என்று நினைத்து நெருக்கத்தில் எடுத்து, பின்னால் மங்கள இசை போட்டுவிட்டார். என் ஆபீஸில் யாரோ அதைப் படமெடுத்துக் காபி மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது இரண்டு பேர் எதற்காவது முட்டிக்கொண்டால், மூன்றாவது ஆள் ஒன்றும் பேசமாட்டார். விரலால் காற்றில் ஒரு அம்பு போடுவார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது மாமா முல்லை என்று பெயர் வைக்கச் சொன்னார், நடராசன் யாழினி என்றார். பிரியா இரண்டையும் அழித்துவிட்டு தாரா என்று வைத்தாள். தாத்தாக்கள் அவரவர் காப்பியில் இருக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் குட்டி எல்லாவற்றுக்கும் ஓடி வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃப்ளாட்டில் தட்டில் கடைசியாக ஒரே ஒரு முறுக்கு மிஞ்சியிருந்தது. தாராவும் என் மகனும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தாரா நிமிர்ந்து என்னைப் பார்த்து, இன்னொரு கையால் காற்றில் ஒரு அம்பு போட்டாள். அவளுக்கு இன்னும் பேச்சே திருத்தமாக வரவில்லை. நான் நியாயம் சொல்ல வாயைத் திறந்தேன்.

பால்கனியிலிருந்து, ஏரியை விட்டுத் தலையைத் திருப்பாமலே பாஸ்கர் சொன்னார். "கவி, நீ எதையும் சேக்காத. மாமாவுக்குப் போன் போடு."

போட்டேன். மாமாவின் லைன் பிஸியாக இருந்தது. காத்திருந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தால், முறுக்கை ஆளுக்குப் பாதியாக உடைத்துத் தின்றுவிட்டு இரண்டும் விளையாடப் போய்விட்டிருந்தன.